டீம் பில்டிங்குக்காக மறித்த வாய்க்கால்

1. எங்களுக்கும் ஆஃப்சைட்

நான் விவசாய மெஷின் விற்கும் ஒரு கம்பெனியின் கும்பகோணம் கிளையில் பில் போடும் கிளார்க்காகச் சேர்ந்து, அதே கிளைக்கு மேனேஜராகி ஓய்வு பெற்றவள். பெயர் வசந்தி. கம்பெனி ஆஃப்சைட்டை, அதாவது ஊழியர்களை வெளியே தங்க வைத்து நடத்தும் கூட்டத்தை, எப்படி நன்றாகப் பயன்படுத்திக்கொள்வது என்று இப்போது வேலைக்குச் சேரும் பிள்ளைகள் கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரே ஆஃப்சைட்டைச் சொல்கிறேன். அதற்கு மேல் அவரவர் பாடு.

எங்கள் கம்பெனி ஆஃப்சைட் வருஷா வருஷம் ஏதாவது ஒரு மலையில் நடக்கும். ஏற்காடு போனார்கள், கொடைக்கானல் போனார்கள், ஒரு தடவை மூணாறு. டெல்டா கிளையை மட்டும் கூப்பிட மாட்டார்கள். சீசன் நேரம், கிளையைப் பூட்டிவிட்டு வர முடியாது என்பார்கள். அவர்கள் டீத்தோட்டத்தில் நின்று அனுப்பும் போட்டோவுக்கு நாங்கள் நெல் அறுக்கும் தூசியில் நின்று வாட்ஸ்அப்பில் கைதட்டும் பொம்மை அனுப்புவோம்.

நான் ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்தபோது, இந்தத் தடவை எல்லாக் கிளைகளும் கட்டாயம் என்று மெயில் வந்தது. நான் சந்தோஷமாகப் பீரோவைத் திறந்து ஸ்வெட்டரைத் தேடினேன். மெயிலைக் கடைசி வரி வரைக்கும் படித்தது என் கணவர்தான். இடம் வலங்கைமான் பக்கத்தில் ஒரு ஹெரிடேஜ் ரிசார்ட். எங்கள் வீட்டு வாசலில் டவுன் பஸ் ஏறினால் ரிசார்ட் வாசலில் இறங்கலாம். ஆனாலும் இரவு அங்கேயே தங்க வேண்டுமாம், அப்போதுதான் பிணைப்பு வருமாம்.

"ஸ்வெட்டர எடுத்து வச்சுக்க. ஏசி ரூமுல குளிரும்" என்றார் அவர். அதற்குப் பிறகு இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை.

மெயிலில் ஒரு விஷயம் தடித்த எழுத்தில் இருந்தது. இரண்டாம் நாள் காலை எல்லாரும் வயலில் இறங்கிக் கையால் நாற்று நட வேண்டும். கைநடவுக்கு ஆள் கிடைக்காது, கைநடவு இடுப்பை ஒடிக்கும், காலம் மாறிவிட்டது என்று ஊர் ஊராக மைக் கட்டி நடவு மெஷின் விற்கிற கம்பெனி இது. அந்த நோட்டீஸை நானே எத்தனையோ களத்துமேட்டில் கொடுத்திருக்கிறேன். என் அம்மா நடவு நட்டுத்தான் என்னை பி.காம். படிக்க வைத்தார். சேறு எனக்குப் புதிதில்லை, அதைக் காசு கொடுத்து மிதிப்பதுதான் புதிது.

2. ஜமால் பாய்க்குக் கொடுத்த வாக்கு

இங்கே ஜமால் பாயைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். கூத்தாநல்லூர்க்காரர். வாலிபம் முழுக்க வளைகுடாவில் ஒரு குளிர்சாதனக் கிடங்கில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். அண்ணன் தம்பிகள் கடை வைத்தபோது இவர் மட்டும் வலங்கைமான் பக்கம் நிலம் வாங்கினார். பாலைவனத்தில் இருந்தவனுக்குத் தண்ணீர் பாயும் இடத்தில்தான் கண் போகும் என்பார். வாங்கிய நிலம் என்னவோ வாய்க்காலின் கடைசியில் இருந்தது. கடைமடை. மேலே இருப்பவர்கள் குடித்து மிச்சம் வைத்தால்தான் அங்கே தண்ணீர். போர்வெல்லும் கிடையாது.

அந்த வாய்க்கால் பாசனத்தில் யாரும் நடவு மெஷின் வாங்கியதில்லை. என் பேச்சைக் கேட்டு முதலில் வாங்கியவர் ஜமால் பாய்தான். மெஷின் நடவுக்குத் தட்டில் வளர்த்த இளநாற்று வேண்டும். விரல் நீளம்கூட இருக்காது. நட்ட வயலைப் பார்த்தால் வயல் காலியாக இருப்பது போலத் தெரியும். "இது என்னங்க, கோழி கிண்டுனா போயிடும் போலருக்கு" என்று பக்கத்து வயல்காரர்கள் சிரித்தார்கள். ஜமால் பாய் என்னைத்தான் பார்த்தார். வேர் பிடிக்கிற வரைக்கும் தண்ணீர் மட்டும் தப்பாமல் காட்டுங்கள், மற்றதுக்கு நான் பொறுப்பு என்று சொன்னேன். என் கிளையில் யாரும் "நான் பொறுப்பு" என்று சொல்ல மாட்டார்கள். கம்பெனி பாலிசியிலும் அந்த வார்த்தை கிடையாது. நான் சொல்லிவிட்டேன்.

அந்த வருஷம் மேட்டூரில் தண்ணீர் குறைவு. முறை வைத்து விட்டார்கள். தலைப்புக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு நாள், நடுவில் இருப்பவர் ஒவ்வொருவருக்கும் ஒரு நாள், கடைமடைக்கு மொத்தமாக ஒரு நாள். முறை நாளில் மேலே இருப்பவன் தன் மடையை அடைத்துக்கொண்டு தண்ணீரைக் கீழே போகவிட வேண்டும். எழுதி வைத்த சட்டம் இல்லை, ஆனால் இதை மீறினால் பெண் எடுத்த சம்பந்தி வீட்டிலும் கை நனைக்க முடியாது. அப்படி ஒரு கட்டு.

ஜமால் பாய் நட்டு முடித்த வாரத்தில், கடைமடையின் முறை சனிக்கிழமை விடிந்ததும் தொடங்கி ஞாயிறு விடியும்போது முடிவதாக இருந்தது. அதை விட்டால் அடுத்த முறை வருவதற்குள் அந்த இளநாற்று கருகிவிடும். ஆஃப்சைட்டுக்கு வெள்ளிக்கிழமை கிளம்பும்போது அவருக்குப் போன் செய்தேன். "நாளைக்கு வந்துரும் மேடம். நீங்க நிம்மதியா மீட்டிங்குக்குப் போயிட்டு வாங்க" என்று என்னைத் தேற்றினார்.

3. பின்பக்கமாக விழுதல்

ரிசார்ட் நன்றாகத்தான் இருந்தது. யாரோ பெரிய மிராசுதாரின் பண்ணை வீடு, இப்போது வேறு முதலாளி கையில். வாய்க்கால் காம்பவுண்டுக்குள்ளே புகுந்து, மரப்பாலத்துக்கு அடியில் ஓடி, மறுபக்கம் வெளியே போகிறது. பாலத்தில் நின்று போட்டோ எடுக்க வட்டமாக ஒரு இடம் செய்திருந்தார்கள். பக்கத்தில் நாற்று நடும் அனுபவத்துக்காக ஒரு சின்ன வயல். அன்றைக்கு அது காய்ந்து பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது.

எங்கள் ரீஜனல் ஹெட் பிரகாஷ் சார் அந்த வயலைப் பார்த்து முகம் வாடிப்போனார். அவர் கெட்ட மனிதர் இல்லை. தலைமை அலுவலகத்துக்கு வீடியோ அனுப்புவதாக வாக்குக் கொடுத்துவிட்டார், அதுதான் அவர் கவலை. ரிசார்ட் மேனேஜரைக் கூப்பிட்டு, "நாளைக்குக் காலைல சேறு சும்மா சதசதன்னு இருக்கணும். வீடியோல தெரியணும்" என்றார். எல்லாம் ரெடியாகிவிடும் சார் என்று மேனேஜர் தலையாட்டினார். நானும் பக்கத்தில்தான் நின்றேன். போர் தண்ணீரை விடுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன். போர் தண்ணீர் நீச்சல் குளத்துக்குப் போய்க்கொண்டிருந்தது எனக்கு எப்படித் தெரியும்?

நிகழ்ச்சி நடத்த பெங்களூரிலிருந்து ஷ்ரேயா என்று ஒரு பெண் வந்திருந்தாள். சுறுசுறுப்பான பெண், எல்லாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். முதல் வேலையாக எங்கள் செல்போனையெல்லாம் ஒரு மூங்கில் கூடையில் வாங்கி வைத்தாள். நாளை மதியம்தான் திரும்பக் கிடைக்கும் என்றாள். எங்கள் மெக்கானிக் ஒருவர் மூங்கில் கூடையைப் பார்த்ததும் கருவாடு விற்கிறார்களா என்று கேட்டார்.

அடுத்தது நம்பிக்கை விளையாட்டு. கண்ணை மூடிக்கொண்டு பின்பக்கமாக விழ வேண்டும், பின்னால் நிற்பவர் தாங்கிப் பிடிப்பார். என் பின்னால் வந்து நின்றவர் சென்னை ஸ்டோர்ஸ் இன்சார்ஜ் மூர்த்தி. ஜமால் பாயின் மெஷினில் நாற்றைப் பிடித்து மண்ணில் ஊன்றும் கை ஒன்று மெஷின் வந்தபோதே வளைந்திருந்தது, தட்டி நிமிர்த்தித்தான் நட்டிருந்தார். அதற்கு மாற்று கேட்டு மூன்று மாதமாக நான் மெயில் போட, அவர் "நோட்டெட்" என்று மட்டும் பதில் போட்டுக்கொண்டிருந்தார்.

பின்னாடி சாயுங்க வசந்தி, நம்புங்க என்றாள் ஷ்ரேயா.

"ஒரு ஸ்பேர் பார்ட்டையே அனுப்பல. இவர் என்னைப் பிடிப்பாருன்னு எந்த நம்பிக்கையில விழுறது?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். மூர்த்தியும் சிரித்தார், அதுதான் எனக்கு ஆத்திரம். கடைசிவரை நான் விழவில்லை. என் டீமுக்கு மதிப்பெண் குறைத்தார்கள்.

4. வாசலில் நின்ற கஸ்டமர்

சனிக்கிழமை காலை எழுந்து பார்த்தால் வயலில் தண்ணீர் நிற்கிறது. பிரகாஷ் சார் எங்கள் எல்லாருக்கும் கொடுத்த கம்பெனி மஞ்சள் டீ-ஷர்ட்டில் வரப்பில் நின்று பூரித்துப்போயிருந்தார். இன்னும் கொஞ்சம் ஊறட்டும், அதற்குள் உள்ளே ஒரு செஷனை முடித்துவிடலாம் என்று எங்களை ஹாலுக்கு ஓட்டினார்கள். செஷனின் தலைப்பு, "கஸ்டமரே முதலில்".

ஷ்ரேயா ஒரு நாடகம் வைத்தாள். ஒருவர் கோபமான கஸ்டமராக நடிக்க வேண்டும், மற்றவர் அவரைச் சமாதானம் செய்ய வேண்டும். பிரகாஷ் சாரே தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு விவசாயியாக வந்தார். "யோவ், என் மெஷின் ஓடலய்யா" என்று மேஜையைத் தட்டினார். கைதட்டல் அடங்கும் நேரத்தில் வாட்ச்மேன் கதவைத் திறந்து, வெளியே விவசாயிகள் மண்வெட்டியோடு வந்து நிற்கிறார்கள், என்ன செய்வது என்று கேட்டார்.

தலையில் துண்டோடு பிரகாஷ் சார் சொன்னார், "செஷன் முடியட்டும். வெயிட் பண்ணச் சொல்லுங்க."

மண்வெட்டி என்ற சொல்தான் என்னை எழுப்பியது. காலையில் பார்த்த தண்ணீர் நினைவுக்கு வந்தது. இன்று சனிக்கிழமை என்பதும் சேர்ந்து வந்தது. நான் பாதியில் எழுந்து வெளியே போனேன், எனக்குப் பின்னால் இன்னொரு மதிப்பெண் போயிற்று.

மரப்பாலத்துக்குக் கீழே பார்த்தேன். வாய்க்காலுக்குக் குறுக்கே மணல் மூட்டை அடுக்கி, தண்ணீரை அப்படியே வயலுக்குத் திருப்பியிருந்தார்கள். காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் வாய்க்காலில் வெறும் ஈரம்தான் இருந்தது. கேட்டுக்கு வெளியே நாலைந்து பேர் நின்றார்கள். முன்னால் நின்றவர் ஜமால் பாய். விடியற்காலையிலிருந்து தண்ணீருக்குக் காத்திருந்து, வரவில்லை என்றதும் வாய்க்கால் கரையோடு நடந்தே மேலே வந்திருக்கிறார்கள். உள்ளே இருப்பது யாரோ சென்னை டூரிஸ்ட் கூட்டம் என்று நினைத்திருக்கிறார் ஜமால் பாய். கேட் கம்பி வழியாக என்னைப் பார்த்தார், பிறகு என் மஞ்சள் டீ-ஷர்ட்டில் இருந்த கம்பெனி முத்திரையைப் பார்த்தார். அந்த முத்திரை அவர் மெஷினிலும் இருக்கிறது.

"நீங்களா மேடம் உள்ள இருக்கீங்க?"

நான் கேட் தாழ்ப்பாளை நீக்கப் பார்த்தேன், பூட்டியிருந்தது.

"போன் பண்ணிப் பண்ணிப் பாத்தேன். நீங்க எடுக்கல. சரி, மேடம் மீட்டிங்ல இருப்பாங்கன்னு நெனச்சேன்." கோபமாகப் பேசியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் மெதுவாகத்தான் கேட்டார். "மெஷினையும் நீங்க குடுத்துட்டு, தண்ணியையும் நீங்களே எடுத்துக்கிட்டா நான் எங்கங்க போவேன்?"

"இங்கயே இருங்க பாய்" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினேன்.

5. புதிய ஆக்டிவிட்டி

ரிசார்ட் மேனேஜரைப் பிடித்தேன். உங்கள் சார்தான் சேறு கேட்டார், சாயங்காலம் நீங்கள் கிளம்பியதும் மூட்டையை எடுத்துவிடுவோம், அரை நாள் தண்ணீர்தானே என்றார். அரை நாள்தான். ஆனால் சாயங்காலம் திறக்கும் தண்ணீர் வழியெல்லாம் காய்ந்த வாய்க்காலை நனைத்துக்கொண்டு கடைமடை போய்ச் சேர்வதற்குள் முறை முடிந்துவிடும். மறுநாள் அது தலைப்புக்காரர் தண்ணீர். அதில் ஜமால் பாய் கை வைத்தால் அவர்தான் திருடன்.

பிரகாஷ் சாரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். அவருக்கும் சங்கடம்தான். துண்டை அவிழ்த்துக் கையில் சுற்றிக்கொண்டே, "புரியுதுங்க. ஆனா ஷூட்டிங் ஆள் வந்தாச்சு. பத்து நிமிஷம் நட்டுட்டு எடுத்துரலாமே?" என்றார். அவருடைய பத்து நிமிஷம் எனக்குத் தெரியும். காலாண்டு ரிவ்யூவே பத்து நிமிஷம் என்றுதான் ஆரம்பிப்பார்.

கெஞ்சினால் ஆகாது என்று தெரிந்தது. நேராக ஹாலுக்குள் போய் ஷ்ரேயாவின் மைக்கை வாங்கினேன். டெல்டா கிளையின் சார்பில் ஒரு ஆக்டிவிட்டி இருக்கிறது, தலைமை சொல்லித்தான் ரகசியமாக வைத்திருந்தோம் என்றேன். நிஜமான கஸ்டமர் வெளியே நிற்கிறார், அவருடைய தண்ணீர் பாலத்துக்குக் கீழே மணல் மூட்டையால் அடைபட்டிருக்கிறது, எந்த டீம் அதிக மூட்டையை வெளியே எடுக்கிறதோ அதற்குத்தான் முதல் பரிசு என்றேன். பரிசு என்ன என்று எனக்கே தெரியாது.

ஷ்ரேயாவின் கண் விரிந்தது. "ரியல் டைம் கஸ்டமர் கனெக்ட்! பிரகாஷ், சொல்லவே இல்லையே நீங்க!" என்று முதலில் கைதட்டியவள் அவள்தான். ஹால் முழுக்கத் தட்டியது. எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். பிரகாஷ் சார் ஒரு நொடி என்னைப் பார்த்தார், பிறகு சர்ப்ரைஸாக இருக்கட்டும் என்றுதான் சொல்லவில்லை என்றார். அந்த ஒரு விஷயத்தில் அவர் சாமர்த்தியசாலி.

கேட்டைத் திறந்தார்கள். சென்னை அக்கவுண்ட்ஸ்காரர்கள், கோயம்புத்தூர் சேல்ஸ்காரர்கள், எல்லாரும் வாய்க்காலில் குதித்தார்கள். ரிசார்ட் மேனேஜர் மட்டும் பாலத்தில் நின்று, மூட்டை கிழியாமல் எடுங்கள் என்று அழாத குறையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஜமால் பாயும் மற்றவர்களும் முதலில் தள்ளி நின்று பார்த்தார்கள். இவர்கள் தூக்குகிற அழகைச் சகிக்க முடியாமல் அவர்களும் இறங்கினார்கள். ஸ்டோர்ஸ் மூர்த்தி ஒரு மூட்டையோடு வழுக்கிப் பின்பக்கமாகச் சாய்ந்தபோது, ஜமால் பாய்தான் தோளைக் கொடுத்துத் தாங்கினார்.

நான் இருவரையும் அங்கேயே அறிமுகப்படுத்தி வைத்தேன். "பாய், நீங்க கேட்டுக்கிட்டே இருக்கற அந்தக் கை இவர்கிட்டதான் இருக்கு."

"அப்படிங்களா" என்று ஜமால் பாய் அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினார். கொஞ்ச நேரம் விடவில்லை. அந்த வாரமே ஸ்பேர் பார்ட் வந்து சேர்ந்தது.

தண்ணீர் மரப்பாலத்தைத் தாண்டி மளமளவென்று ஓடியது. வயல் மடையை அடைத்த பிறகு, அதில் நின்ற சேற்றிலேயே நடவையும் நடத்தி வீடியோ எடுத்துக்கொண்டார்கள். முதல் பரிசு பிரகாஷ் சார் இருந்த டீமுக்கு. மதியம் போன் கூடையைக் கொடுத்தபோது என் போனில் வரிசையாக மிஸ்டு கால், எல்லாம் ஒரே பெயர்.

6. கடைசி மூலை

தண்ணீர் நன்றாக இருட்டிய பிறகுதான் கடைமடைக்குப் போய்ச் சேர்ந்தது. வயலில் முக்கால்வாசி நனைந்தது. கடைசி மூலைக்கு எட்டுவதற்குள் முறை முடிந்துவிட்டது. அந்த மூலை நாற்று கருகியது. அரை நாள் தாமதத்துக்கு அவ்வளவுதான் விலை என்று மற்றவர்கள் என்னைத் தேற்றினார்கள். எனக்கு மனசு ஆறவில்லை. நான் பொறுப்பு என்று சொன்ன வாய் இதே வாய்தானே.

அடுத்த முறைத் தண்ணீர் வந்ததும், கிளையில் இருந்த எல்லாரையும் கூட்டிக்கொண்டு அந்த மூலையில் மறுநடவுக்குப் போனேன். மெஷினை இறக்கினால் பிடித்த நாற்றை மிதித்துவிடும், கைநடவுதான் வழி. நடவு ஆள் கிடைக்கவில்லை. ஆள் கிடைக்காது என்று நாங்கள் மைக் கட்டிச் சொன்னது உண்மைதான் போல. போட்டுக்கொள்ளப் பழைய துணி வேண்டுமே என்று எல்லாரும் அந்த மஞ்சள் டீ-ஷர்ட்டைத்தான் போட்டு வந்திருந்தார்கள். என் அம்மாவுக்கு இருந்த கை எனக்கு வரவில்லை. ஆஃப்சைட்டில் கற்றுக்கொண்ட கைநடவு எங்கள் யாருக்கும் ஒரு வரிசைகூட நேராக வரவில்லை. சர்க்கரைப் பொங்கலில் முந்திரி போட்டது போல அங்கங்கே நாற்று நின்றது.

சிரிப்பதற்கென்றே வந்து வரப்பில் நின்ற பக்கத்து வயல்காரர், கடைசியில் எங்கள் மூலையையும் மெஷின் நட்ட பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார். மெஷின் பக்கம் அதற்குள் பச்சை பிடித்து வரிசை வரிசையாக நின்றது. மறு வருஷம் அவரும் மெஷின் புக் செய்தார். நான் விற்ற மெஷின்களில் பேச்சே இல்லாமல் விற்றது அது ஒன்றுதான்.

பிரகாஷ் சார் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிய அறிக்கையில், வாய்க்கால் ஆக்டிவிட்டி தலைமையின் தொலைநோக்கில் உருவானது என்று எழுதியிருந்தார். கம்பெனி இதழில் ஜமால் பாயின் படம்கூட வந்தது, கையில் மண்வெட்டியோடு முறைத்தபடி. கீழே "மகிழ்ச்சியான வாடிக்கையாளர்" என்று போட்டிருந்தார்கள். அதை அவரிடம் காட்டலாமா வேண்டாமா என்று யோசித்து, அறுவடை மெஷின் புக் செய்ய வந்தபோது காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொறுமையாகப் பார்த்தார்.

புதுப் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். ஆஃப்சைட்டில் யார் மேல் விழலாம் என்று பார்ப்பதற்கு முன்னால், நமக்காக எந்த மடை அடைபட்டிருக்கிறது என்று வெளியே வந்து ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். இதையே ஜமால் பாய் என்னைவிட நன்றாகச் சொன்னார். இதழை மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு, டீயை முடித்து, எழுந்து கதவு வரை போனவர் திரும்பி நின்றார்.

"அடுத்த வருஷம் உங்க கூட்டம் எந்த ஊர்லன்னு முன்னாடியே சொல்லிருங்க மேடம். அந்தப் பக்கம் நமக்குச் சொந்தக்காரங்க யாராவது இருந்தா ஒரு வார்த்தை சொல்லி வைக்கணும்."